உப்பு நிலத்தில் ஒளிந்திருக்கும் உலோகங்கள்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. சில நாட்களுக்குச் செய்தித்தாள்களில் அதே பேச்சாக இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள், இயற்பியல் வகுப்பு முடிந்து நான் வெளியே வரும்போது மாணவர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். மணிகண்டம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர்; விவசாயக் குடும்பம்.

“சார், எங்கள் வயல் களர் நிலம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். அருமண் சத்துக் கலந்த மருந்து என்று ஒன்றைக் கொண்டுவந்து, இதைத் தெளித்தால் களர் முறியும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். அருமண் என்பது மண்ணில்தானே இருக்கும்? எங்கள் நிலத்திலும் இருக்குமா? இருந்தால் அதை எடுத்து விற்க முடியாதா?”

நல்ல கேள்விகள்! நிலத்தில் அருமண் இருக்கிறதா, அதை எடுக்க முடியுமா, அது களரை முறிக்குமா என்ற மூன்றோடு, அதனால் பயிருக்குத் தீங்கு உண்டா என்று நான்காவதாக ஒன்றையும் நாமே சேர்த்துக்கொள்வோம். இவற்றுக்கு விடை தேடும்போது, களிமண்ணின் மின்சுமை முதல் அணு உலை வரை பலவற்றை நாம் தொட்டுச் செல்ல நேரும்.

அருமையில்லாத அருமண்

முதலில் பெயரைப் பார்ப்போம். 1787-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகிலுள்ள இட்டர்பி என்னும் ஊரின் சுரங்கத்தில், அர்ரேனியஸ் என்ற படை அதிகாரி கனமான கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794-இல் காடோலின் என்ற வேதியியலார் அதிலிருந்து புதியதொரு ‘மண்’ணைப் பிரித்தார். சுண்ணாம்பு போல் எளிதில் உருகாத, நீரில் கரையாத ஆக்சைடுகளை அக்காலத்தில் ‘மண்’ என்றே அழைத்தனர். அரிதாகக் கிடைத்த மண் ஆதலால் ‘அருமண்’ என்ற பெயர் ஏற்பட்டது.

ஸ்காண்டியம், இட்ரியம், லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரையிலான பதினைந்து தனிமங்கள் ஆகிய பதினேழும் சேர்ந்ததே அருமண் குடும்பம். இவற்றின் வேதிப் பண்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதற்குள் வேதியியலார் படாத பாடு பட்டனர். 1839-இல் சீரியம் ஆக்சைடுக்குள் மறைந்திருந்த மற்றொரு தனிமத்தை மொசாண்டர் கண்டுபிடித்தார். அதற்கு லாந்தனம் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் ‘ஒளிந்திருப்பது’ என்பது அதன் பொருள்.

ஒளிந்திருப்பவை என்றால் பொருந்தும்; அரியவை என்றால் பொருந்தாது. புவியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 60 பங்கு சீரியம் உள்ளது. தாமிரத்தின் அளவும் ஏறக்குறைய இதுவேயாகும். இக்குடும்பத்தின் மிக அரிய உறுப்பினர்களுள் ஒன்றான தூலியம்கூட வெள்ளியைவிட அதிகமாகக் கிடைக்கிறது. புரோமித்தியம் மட்டும் விதிவிலக்கு. அது கதிரியக்கத்தால் சிதைந்துவிடுவதால் இயற்கையில் அநேகமாக இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 2,000 டன், அதாவது 20 லட்சம் கிலோகிராம். சாதாரண மண்ணில் கிலோவுக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் அருமண் தனிமங்கள் இருக்கும் எனக் கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 300 கிலோகிராம்!

ஆம், ஏறத்தாழ எந்த வயலிலும் மேல்மண்ணிலேயே மூட்டைக் கணக்கில் அருமண் இருக்கிறது. மாணவரின் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் இந்த 300 கிலோ, 20 லட்சம் கிலோ மண்ணில் தூள்தூளாகப் பரவிக் கிடக்கிறது. கடல்நீரில்கூடத் தங்கம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானிய வேதியியலார் ஃபிரிட்ஸ் ஹாபர் அதைப் பிரித்தெடுக்க முயன்று, கட்டுப்படியாகாது என்று கைவிட்டார். இருப்பது வேறு; எடுப்பது வேறு.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் கதை மாறானது. அங்கு மோனசைட் என்னும் அருமண் பாஸ்பேட்டுக் கனிமத்தை, அதன் எடை காரணமாகக் கடலலையே அரித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இதை உலகுக்கு அறிவித்தார். வயலைச் சலிக்க அலை வருவதில்லை!

உவரும் களரும்

பயன் தராத ஒன்றுக்கு உவமை தேடிய வள்ளுவர் களர் நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அவ்வளவு பழைய தொல்லை இது. இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்று கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதில் 37 லட்சத்துக்கும் மேல் களர், மீதி உவர்.

இவ்விரு சொற்களையும் நாம் ஒன்றாகவே வழங்கினாலும் இரண்டும் வேறு. உவர் நிலத்தில் கரையக்கூடிய உப்புகள் மிகுதி. கடலோர வயல்களில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. அங்கு மண்ணில் நீர் இருந்தாலும் உப்பின் செறிவால் வேர் அதை உறிஞ்ச முடியாமல் திணறும். களர் நிலத்தில் கரைந்த உப்பு அதிகமில்லாமலும் இருக்கலாம். ஆனால் களிமண் துகள்களின்மீது சோடியம் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. களிமண் பற்றியிருக்கும் அயனிகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் சோடியமாகவும், மண்ணின் பி.எச். எண் 8.5-க்கு மேலாகவும் இருந்தால் அது களர் என்பது 1954-இல் அமெரிக்க உவர்மண் ஆய்வுக்கூடம் வெளியிட்ட வரையறை. கங்கைச் சமவெளியின் களர் நிலங்களில் பி.எச். 10-ஐத் தாண்டுவதும் உண்டு.

உப்புக்குள் தேடுவது எப்படி?

கிலோவுக்குச் சில மில்லிகிராம் என்கிறோமே, உப்பு நிறைந்த மண்ணில் இதை எப்படி அளக்கிறார்கள்? ஒரு முறை நமக்கு நல்ல இயற்பியல் பாடம்.

மண் மாதிரியை அணு உலைக்குள் வைத்தால், அதிலுள்ள அணுக்கள் நியூட்ரான்களை விழுங்கிக் கதிரியக்கம் பெறுகின்றன. லாந்தனம்-139 இவ்வாறு லாந்தனம்-140 ஆகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 40 மணி. அது வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றல் 1,596 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இந்த எண் லாந்தனத்தின் கைரேகை போன்றது. கதிரின் அளவிலிருந்து தனிமத்தின் அளவைக் கணிக்கலாம். இதற்கு நியூட்ரான் செயலூக்கப் பகுப்பாய்வு என்று பெயர்.

உப்பு மண்ணில் ஓர் இடையூறு உண்டு. சோடியமும் நியூட்ரானை விழுங்கிச் சோடியம்-24 ஆகிப் பெருங்கூச்சல் போடும். திருவிழா மேளத்துக்கு நடுவே புல்லாங்குழலைக் கேட்பது போன்ற நிலை! என்ன செய்வது? காத்திருக்க வேண்டியதுதான். சோடியம்-24-இன் அரைவாழ்வுக் காலம் 15 மணி மட்டுமே. ஒரு வாரம், அதாவது 168 மணி கழிந்தால், அதற்குப் பதினோரு அரைவாழ்வுகள் கடந்துவிடும். அதன் கதிரியக்கம் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதே ஒரு வாரம் லாந்தனம்-140-க்கு நான்கு அரைவாழ்வுகளே; பதினெட்டில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். மேளம் ஓய்ந்தபின் குழல் தெளிவாகக் கேட்கும்.

இன்று பல ஆய்வுக்கூடங்களில், கரைத்த மண்ணைப் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் உப்பு ஆகாது. கரைசலை மிகவும் நீர்க்கச் செய்த பிறகே உள்ளே செலுத்துகின்றனர்.

ஒன்று, இரண்டு, மூன்று

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். சோடியம் அயனியின் ஆரம் 1.18 ஆங்ஸ்ட்ராம். கால்சியத்தின் ஆரம் 1.12, லாந்தனத்தின் ஆரம் 1.16. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மூன்று அயனிகளும் பருமனில் உடன்பிறந்தவை போல் இருக்கின்றன. வேற்றுமை மின்சுமையில்தான் உள்ளது. சோடியத்துக்கு நேர்மின்சுமை ஒன்று, கால்சியத்துக்கு இரண்டு, லாந்தனத்துக்கு மூன்று.

களிமண் துகள்கள் தட்டையான, மிக மெல்லிய தகடுகள். அவற்றின் முகப்பில் எதிர்மின்சுமை உண்டு. எனவே மண்நீரிலுள்ள நேரயனிகள் அத்தகடுகளைச் சுற்றி மொய்க்கின்றன. சோடியம் போன்ற ஒற்றைச் சுமை அயனிகள் நெருக்கமாக ஒட்டுவதில்லை. தகட்டைச் சுற்றித் தடித்த மேகம் போல் பரவி நிற்கின்றன. இரு தகடுகள் நெருங்கும்போது மேகங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தகடுகள் தனித்தனியே பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. களர் வயலில் நீர் இறங்காமல் தேங்குவதும், காய்ந்ததும் மண் கல்லாய் இறுகுவதும் இதனால்தான்.

கால்சியம் வந்தால் நிலைமை மாறுகிறது. இரட்டைச் சுமையால் அது தகட்டை நெருங்கி ஒட்டுகிறது. மேகம் மெலிகிறது, தகடுகள் ஒன்றுசேர்ந்து பொரிபொரியான மணிகளாகின்றன. நீரும் காற்றும் புக வழி பிறக்கிறது. களருக்கு ஜிப்சம் இடுவதன் இரகசியம் இதுவே. ஜிப்சத்தின் கால்சியம், களிமண்ணிலிருந்து சோடியத்தைக் கீழே இறக்கிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்கிறது. இறங்கிய சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து வடிந்துவிடுகிறது. வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்று சுமை கொண்டது இன்னும் வலியது. கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் அயனிகளின் திறன் மின்சுமையோடு மிக வேகமாக உயர்கிறது என்று 1882-இல் ஷூல்ட்ஸும் 1900-இல் ஹார்டியும் கண்டனர். பின்னர் வந்த கோட்பாடு, தூய நிலையில் இந்தத் திறன் சுமையின் ஆறாம் அடுக்காக உயரும் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற சுமைகளுக்கு 1, 64, 729!

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் களிமண் கலங்கிய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பும், மூன்றாவதில் ஒரு சிட்டிகைப் படிகாரத் தூளும் கலக்குங்கள். எது முதலில் தெளிகிறது என்று கவனியுங்கள். படிகாரத்தின் அலுமினியம் மூன்று சுமை கொண்டது. அது நீரில் உண்டாக்கும் பஞ்சு போன்ற ஹைட்ராக்சைடும் கலங்கலை இழுத்துக்கொண்டு படிகிறது.

அப்படியானால் மூன்று சுமை கொண்ட அருமண்ணை நிலத்தில் தெளித்தால் களர் முறியும் அல்லவா? விற்பவர் சொல்வது சரிதானோ என்று தோன்றும். அவசரப்படாமல் அளவைப் பாருங்கள். களருக்கு ஹெக்டேருக்குப் பல டன் கணக்கில் ஜிப்சம் தேவைப்படுகிறது. களிமண்ணில் அமர்ந்துள்ள சோடியம் அவ்வளவு. அதை இறக்க, அதே எண்ணிக்கையில் வேறு மின்சுமைகள் வந்தாக வேண்டும். தெளிப்பு மருந்தில் சில கிராம் அருமண் இருந்தால், ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஒருவரை எழுப்பியது போலத்தான். தவிர, நிலத்தில் முன்பே 300 கிலோ அருமண் இருந்தும் களர் முறியவில்லையே! இங்குதான் அடுத்த பாடம் தொடங்குகிறது.

உப்பு துரத்திய உலோகம்

சீனாவின் தெற்கே ஜியாங்சி மாநிலம். வெப்பமும் மழையும் மிகுந்த அந்தக் குன்றுகளில் கருங்கல் பாறைகள் நெடுங்காலமாக மக்கிச் செம்மண்ணாகியுள்ளன. பாறையிலிருந்து விடுபட்ட அருமண் அயனிகள் அங்குள்ள களிமண்ணின்மீது ஒட்டிக்கொண்டன. 1969-இல் இந்த வகைப் படிவு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. பாறையை உடைக்கவோ அரைக்கவோ தேவையில்லை. உப்புக் கரைசலை ஊற்றினால் போதும், அருமண் இறங்கி வந்துவிடும் என்று தெரிந்தது. 1970-களில் இதற்கு முதலில் பயன்படுத்திய பொருள் என்ன தெரியுமா? நம் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடுதான்.

ஒற்றைச் சுமைச் சோடியம் மூன்று சுமை அருமண்ணை எப்படித் துரத்திற்று? பலத்தால் அன்று, கூட்டத்தால். செறிவான உப்புக் கரைசலில் ஓர் அருமண் அயனிக்குப் பல ஆயிரம் சோடியம் அயனிகள் வந்து முட்டுகின்றன. ஒன்று இறங்கியதும் மூன்று சோடியங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உலோகம் கிடைத்தது; ஆனால் மண்ணில் சோடியம் தங்கி நிலம் உவர்ப்பாயிற்று. பிறகு சோடியம் குளோரைடை விட்டு அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறினார்கள். அதனாலும் நிலத்தடி நீரில் நைட்ரஜன் மாசு சேர்ந்தது, குன்றுகள் சரிந்தன. நம் கைத் தொலைபேசியின் காந்தத்துக்குள் இப்படியும் ஒரு வயலின் கதை இருக்கக்கூடும்.

அப்படியானால் நம் உப்பு நிலங்களிலும் உப்பு அருமண்ணை இறக்கிப் பயிருக்குள் அனுப்புமா? இந்த இடத்தில் பி.எச். எண் குறுக்கே வந்து நிற்கிறது. ஜியாங்சி மண் அமிலத் தன்மை கொண்டது. அங்கு அருமண் அயனிகள் களிமண்ணின் முகப்பில் வெறுமனே ஒட்டியிருந்தன. நம் களர் மண்ணோ காரத் தன்மை கொண்டது. இதில் பெரும்பகுதி அருமண் கனிமத் துகள்களுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. தப்பி வெளியே வரும் அயனிகளையும் கார்பனேட்டு, பாஸ்பேட்டு, இரும்பு ஆக்சைடு ஆகியவை உடனே பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகின்றன. பாஸ்பேட்டுடன் சேர்ந்தால் உண்டாவது மணவாளக்குறிச்சி மோனசைட்டின் வேதி உறவினர். ஒட்டியிருப்பதை உப்பு இறக்கலாம். பூட்டியிருப்பதை இறக்க இயலாது. நிலத்தில் அருமண் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த வடிவில் இருக்கிறது என்பதே முக்கியம்.

பூட்டிலும் சில இடுக்குகள் உண்டு. மிகுந்த காரத்தில் கரைந்துள்ள கார்பனேட்டு, அருமண்ணோடு கரையக்கூடிய கூட்டயனிகளையும் ஓரளவு உண்டாக்குகிறது. மண்ணின் மட்கும் காரத்தில் கரைந்து, அருமண்ணைச் சுமந்து செல்லும். களர் நிலத்தில் சில இடங்களில் நீர் கறுத்துத் தெரிவது இந்த மட்கினால்தான். வயலில் நீர் நெடுநாள் தேங்கிக் காற்றோட்டம் குறைந்தால், இரும்பு ஆக்சைடு கரைந்து தான் பற்றியிருந்ததை விட்டுவிடுகிறது. ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்து, பி.எச். எண்ணைக் குறைக்கும்போது இந்த இடுக்குகளும் பெரும்பாலும் அடைபடும் என எதிர்பார்க்கலாம். கால்சியம் கார்பனேட்டைப் படிய வைக்கிறது. மட்கையும் உறைய வைக்கிறது.

பயிருக்கு உணவா, நஞ்சா?

பயிர்களுக்கு இன்றியமையாத சத்துகளின் பட்டியலில் அருமண் தனிமங்கள் இல்லை. வேருக்குள் நுழையும் சிறிதளவும் பெரும்பாலும் வேரின் செல்சுவர்களிலேயே தங்கிவிடுகிறது. தானியத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு.

கால்சியத்தின் பருமனும் அதைவிட அதிகச் சுமையும் கொண்ட லாந்தனம், செல்லின் கால்சிய வாயில்களில் சென்று அடைத்துக்கொள்கிறது. தாவரவியலார் கால்சியத்தின் வேலையை ஆராய்வதற்கே லாந்தனத்தைக் கருவியாகப் பயன்படுத்துகின்றனர். இதனால் சிறிய அளவில் வேர் வளர்ச்சி தூண்டப்படுவதும், அளவு கூடினால் வேர் குன்றிப் போவதும் காணப்பட்டுள்ளன. சீனாவில் 1970-களில் ஆராய்ச்சிகள் நடந்து, 1980-களில் அருமண் உரங்கள் பெருமளவில் வழக்கத்துக்கு வந்தன. விளைச்சல் கூடியதாக அங்கு பல அறிக்கைகள் வெளிவந்தன. பிற நாடுகளின் சோதனைகளில் இப்பயன் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. உப்பால் வாடும் நாற்றுகளுக்கு லாந்தனம் சற்று உதவியதாகச் சில ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அது நாற்றின் தாங்கும் திறனைப் பற்றியது. நிலத்தின் களர் முறிந்ததாக அதற்குப் பொருளில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கு விசிறிவிடுவது வேறு; காய்ச்சலைத் தீர்ப்பது வேறு அன்றோ!

உயிருலகில் அருமண்ணுக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே எரிமலைச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு அருமண் இல்லாமல் வளர்ச்சியே இல்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மெத்தனாலைச் சிதைக்கும் அதன் நொதியின் நடுவே அமர்ந்திருப்பது அருமண் அயனி. தாவர இலைகளின்மேல் வாழும் சில பாக்டீரியாக்களிலும் இத்தகைய நொதி உண்டு. ஒளிந்திருந்த தனிமங்கள் இன்னும் நமக்குப் புதுப்பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன.

ஜிப்சத்தோடு வரும் விருந்தாளிகள்

களர் நிலத்துக்கு அருமண் இன்னொரு வழியாகவும் வந்து சேர்கிறது. விவசாயிகள் இடும் ஜிப்சம் இரு வகைப்படும். ஒன்று ராஜஸ்தான் போன்ற இடங்களில் வெட்டியெடுக்கும் சுரங்க ஜிப்சம். மற்றொன்று உரத்துக்காகப் பாஸ்பேட்டுப் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது எஞ்சும் பாஸ்போஜிப்சம். பாரதீப், கொச்சி, தூத்துக்குடி போன்ற ஊர்களின் ஆலைகளில் இது உண்டாகிறது. பாறையிலிருந்த அருமண்ணில் பெரும்பகுதி இந்த ஜிப்சத்தோடு வந்துவிடுகிறது. கால்சியத்தோடு பருமனில் ஒத்திருப்பதால், பாறையில் கால்சியத்தின் இடத்திலேயே அது குடியிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எவ்வளவு வரும்? பாஸ்போஜிப்சத்தில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் அருமண் இருப்பதாகக் கொள்வோம். ஹெக்டேருக்கு 10 டன் இட்டால் சேர்வது 10 கிலோ. முன்பே இருப்பது 300 கிலோ. உயர்வு நூற்றுக்கு மூன்று பங்குதான். ரஷ்யாவின் கோலா பகுதிப் பாறையிலிருந்து வரும் ஜிப்சத்தில் அருமண் இதைப்போல் நான்கு மடங்கு இருப்பதுண்டு. அப்போதும் உயர்வு நூற்றுக்குப் பதின்மூன்றே.

அருமண்ணைவிட நாம் கவனிக்க வேண்டிய விருந்தாளி ரேடியம்-226. அதன் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள். விவசாயத்துக்குப் பயன்படும் பாஸ்போஜிப்சத்தில் கிலோவுக்கு 370 பெக்கரலுக்கு மேல் ரேடியம் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் விதி. அந்த வரம்பளவு ரேடியம் கொண்ட ஜிப்சத்தை 10 டன் இட்டால், 20 லட்சம் கிலோ மண்ணில் பரவி, கிலோவுக்கு இரண்டு பெக்கரலுக்கும் குறைவாகவே கூடும். சாதாரண மண்ணிலேயே சராசரியாக 30 பெக்கரலுக்கு மேல் உண்டு. எனவே களரைத் திருத்த ஒருமுறை இடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் 1,600 ஆண்டு வாழும் விருந்தாளியை ஆண்டுதோறும் அழைத்தால் வீடு நிறைந்துவிடும். ஃபுளூரைடு, காட்மியம் ஆகியவையும் உடன் வருவதுண்டு. அதிலும் காட்மியத்தின் குணம் வேறு. உவர் நிலத்துக் குளோரைடு அதோடு கூட்டுச் சேர்ந்து, வேருக்குள் எளிதாகச் செல்ல வழி செய்கிறது. அருமண்ணிடம் குளோரைடுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை.

மாணவருக்குச் சொன்ன விடை

இவற்றையெல்லாம் இரண்டு மாலை நேரங்களில் அந்த மாணவரும் நானும் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் தம் தந்தைக்குச் சொல்வதற்காக நோட்டில் எழுதிக்கொண்டவை இவை.

நம் நிலத்தில் அருமண் உண்டு. ஆனால் அதை எடுத்து விற்கக் கட்டுப்படியாகாது. களரின் காரத் தன்மை அதைப் பூட்டி வைத்திருப்பதால் பயிருக்கு அதனால் தொல்லை மிகக் குறைவு. அமில மண்ணில்தான் கவனம் தேவை. தெளிப்பு மருந்தில் உள்ள சில கிராம் அருமண்ணால் களர் முறியாது. அதை முறிப்பது டன் கணக்கில் வரும் கால்சியமும், வடிந்தோட ஒரு வாய்க்காலும்தான். முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து, எவ்வளவு ஜிப்சம் தேவை என்று கேட்க வேண்டும். வயலைச் சமப்படுத்தி, வரப்பு உயர்த்தி, ஜிப்சம் இட்டு, நீர் கட்டி, பின் வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது இதற்குத் துணை நிற்கும். பாஸ்போஜிப்சம் வாங்கினால் அதன் பகுப்பாய்வுச் சீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

“மருந்துக்கு வைத்திருந்த பணம் வாய்க்காலுக்கு ஆகும், சார்” என்றார் அவர்.

பருமனில் ஒன்றுபோல் இருக்கும் மூன்று அயனிகளில் ஒன்று நிலத்தைக் கெடுக்கிறது, ஒன்று திருத்துகிறது, ஒன்று பேசாமல் ஒளிந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற சுமைகளை எண்ணத் தெரிந்தால் பாதி விளங்கிவிடும். எத்தனை கிலோ இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் மீதியும் விளங்கும். அடுத்த முறை ஒருவர் புதுமையான பெயர் சொல்லி உங்கள் வயலுக்கு ஒரு புட்டி மருந்தைக் கொண்டுவரும்போது, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு ஹெக்டேர் மேல்மண்ணின் எடை 20 லட்சம் கிலோகிராம். அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.